பாண்டிலட்சுமி கிளவுஸ் போட்ட வருஷம்

“கையை மூடுங்க” என்றார் டாக்டர் அருள்பாண்டி.

பாண்டிலட்சுமி வலது கையை மூடிக் காட்டினாள்.

“அது சரி. அந்தக் கை?”

துப்பட்டாவுக்கு அடியில் மடியோடு வைத்திருந்த இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை தோல் இரண்டு நிறமாக இருந்தது. பழைய தோல் மாநிறம், ஒட்டிய தோல் அதைவிடக் கறுப்பு. மெதுவாக மூடினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையைத் தொட்டன. மோதிரவிரல் பாதி வழியில் நின்றுவிட்டது. சுண்டுவிரல் லேசாக வளைந்ததோடு சரி.

டாக்டருக்கு முன்னால் உடல் தகுதிப் படிவம் கிடந்தது. விருதுநகர் பைபாஸ் பக்கம் உள்ள அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன் படிப்புக்கு இருபது இடம். ஒரு வருஷப் படிப்பு. ப்ளஸ் டூ மார்க்கை வைத்துப் போட்ட பட்டியலில் பாண்டிலட்சுமி ஆறாவது ஆள். இந்த ஒரு கையெழுத்து விழுந்தால் சேர்ந்துவிடலாம்.

“தியேட்டர்ல ரெண்டு கையும் நல்லா ஓடணும்மா. டாக்டர் கேட்ட நொடியில கருவி அவர் கையில இருக்கணும். இங்கேயே ரெக்கார்ட்ஸ் படிப்பு ஒண்ணு இருக்கு. உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதுல சேர்றீங்களா?”

“சார், கைய மூடுறது வேலையா, கருவியக் குடுக்குறது வேலையா?”

துடுக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டாக்டர் முதல்முறையாகப் படிவத்திலிருந்து தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு இடுக்கியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். கத்தரிக்கோல் மாதிரி இருந்தது. ஆனால் வெட்டுவாய் கிடையாது. கைப்பிடியில் சின்னச் சின்னப் பல். அழுத்தினால் ‘டிக்’கென்று பூட்டிக்கொள்ளும். ரத்தக் குழாயைப் பிடித்து நிறுத்துகிற ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் அது என்று பிற்பாடுதான் அவளுக்குத் தெரியும்.

“இடது கையால பூட்டித் திறங்க.”

முதல் தடவை நழுவி மேசையில் விழுந்தது. இரண்டாவது தடவை பூட்டியது, திறக்கவில்லை. பாண்டிலட்சுமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளையத்துக்குள் மோதிரவிரலை விட்டதால்தானே பிடி இல்லை? நடுவிரலை விட்டுப் பார்த்தாள். டிக். கட்டைவிரலால் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினாள், திறந்தது. மறுபடியும் பூட்டினாள், திறந்தாள். போதும் என்று டாக்டர் சொல்லும்வரை நிறுத்தவில்லை.

அவர் படிவத்தில் எழுதியதை அவள் தலைகீழாகவே படித்துவிட்டாள். ‘தற்காலிகத் தகுதி. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை.’

வெளியே வராந்தாவில் அவள் அப்பா கருப்பணன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் செருப்புப் போடலாமா கூடாதா என்று அவருக்குச் சந்தேகம்.

“என்னத்தா சொன்னாக?”

“சேந்தாச்சுப்பா. மூணு மாசத்துக்கு.”

“பெறவு?”

“பெறவும் நான்தான் இருப்பேன்.”

*

பாண்டிலட்சுமிக்கு அப்போது இருபத்து நாலு வயசு. ஊர் நாரணாபுரத்துக்குக் கிழக்கே. வீட்டுக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. மழை பார்த்து மக்காச்சோளமோ பருத்தியோ போடுவார்கள். அம்மா சண்முகத்தாய்க்கு நிலத்தை விட்டால் மாடு, மாட்டை விட்டால் நிலம். ப்ளஸ் டூவில் உயிரியல் எடுத்து நல்ல மார்க் வாங்கிய பெண், மேலே படிக்க வழி தெரியாமல் ஊரில் எல்லாப் பெண்களும் ஏறுகிற கம்பெனி வண்டியில் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போனாள். பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, திரி சொருகுகிற வேலை. நாலு வருஷம் செய்தாள்.

அந்த வேலையை அவள் இளப்பமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அறைக்குள் நுழையும்போது செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழையணும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிவிடும். நைலான் சேலை கட்டக் கூடாது. காலைத் தேய்த்து நடக்கக் கூடாது. இரும்புச் சாமான் உள்ளே வரவே கூடாது. வெடிமருந்து சிந்தினால் ஈரத் துணியால் ஒற்றி எடுக்கணும், பெருக்கக் கூடாது. இதெல்லாம் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போயிருந்தது.

ஒரு சித்திரை மாத மதியம், மருந்து காயப்போட்ட தட்டு ஒன்று பக்கத்து அறை வாசலில் குப்பென்று பற்றியது. தட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண் திகைத்துப்போய் அப்படியே நின்றுவிட்டாள். பாண்டிலட்சுமி ஓடி அந்தத் தட்டை இடது கையால் தட்டிவிட்டாள். தட்டு மண்ணில் போய் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவள் கை வெந்துபோனது.

புண் ஆறுவதற்குள் தோல் சுருங்கி விரல்களை இழுத்துக்கொண்டது. ஏழெட்டு மாசம் கழித்து மதுரையில் வேறு தோல் ஒட்டி ஆபரேஷன் செய்தார்கள். கழுத்துப் பக்கம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். ஆள் முழித்துத்தான் இருந்தாள். முகத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் தன் கையை என்னமோ செய்கிறார்கள், தனக்குத் தெரியவில்லை. பயத்தில் பல் கிட்டியது. அப்போது தலைக்கு மேலே இருந்த பெரிய விளக்கின் பளபளப்பான ஓரத்தில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி, அவளுக்கு ஒரு ஆள் தெரிந்தார். டிராலியில் கருவிகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் கை நீண்டது. டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே வாங்கிக்கொண்டார். பேச்சே இல்லாமல் ஒரு மணி நேரம் அப்படியே நடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பாண்டிலட்சுமிக்குப் பயம் எப்போது போனது என்றே தெரியவில்லை.

முடிந்ததும் கேட்டாள். “அண்ணே, நீங்களும் டாக்டரா?”

“இல்லம்மா. தியேட்டர் டெக்னீசியன்.”

“அதுக்கு என்ன படிக்கணும்?”

கை கட்டோடு படுத்துக் கிடக்கிற பெண் இப்படிக் கேட்டதில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விவரமாகத்தான் சொன்னார்.

*

பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவள் செல்லக்கனி. வயசு முப்பத்திரண்டுதான். அந்தத் தியேட்டரின் மூத்த டெக்னீசியன். திருத்தங்கல்காரி. பேச்சு வெடுக்கென்று இருக்கும். முதல் நாளே பாண்டிலட்சுமியின் கையைப் பார்த்தாள், படிவத்தையும் பார்த்தாள்.

“உன்மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல” என்றாள். “ஆனா உனக்குன்னு தனியாச் சலுகை தர மாட்டேன். டேபிள்ல படுத்திருக்கிறவகளுக்கு உன் கதை தெரியாது.”

“நீங்க தந்தாலும் வாங்க மாட்டேங்க்கா.”

காலை ஐந்தே முக்கால் பஸ். சிவகாசியில் இறங்கி வேறு பஸ். எட்டு மணிக்கு முன்னால் தியேட்டர் உடுப்பு மாற்றி நிற்கணும். முதல் ஒரு மாசம் கருவிகளின் பெயர். மூக்கு நீளமானது, மூக்கு வளைந்தது, பல் உள்ளது, பல் இல்லாதது. ராத்திரி சாப்பிடும்போது சொல்லிப் பார்ப்பாள். சண்முகத்தாய் கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றுவாள்.

“அல்லிஸ், பேப்காக், கோக்கர், மஸ்கிட்டோ…”

“அதென்னடி கடைசில?”

“மஸ்கிட்டோம்மா. சின்ன இடுக்கி. மஸ்கிட்டோன்னா கொசு.”

“இம்புட்டுப் படிச்சவக பேரு வைக்க வேற ஒண்ணும் கெடைக்கலியாக்கும்.”

பெயரில் அவளுக்குச் சிரமம் இல்லை. கிளவுஸில்தான் வந்தது சோதனை. தியேட்டர் கிளவுஸைக் கண்டபடி இழுத்து மாட்ட முடியாது. முழங்கைவரை தேய்த்துக் கழுவி, கவுன் போட்டு, அந்தக் கவுன் கைக்குள்ளேயே விரலை வைத்துக்கொண்டு, வெளிப்பக்கம் வெறுங்கை எங்கேயும் படாமல் மாட்டணும். பட்டுவிட்டால் சுத்தம் போச்சு, தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கணும். பாண்டிலட்சுமியின் சுண்டுவிரல் ஒவ்வொரு தடவையும் பக்கத்து விரலின் ஓட்டைக்குள்ளேயே போய் நுழைந்தது. அதை எடுத்துவிடப் போனால் வலது கை பட்டுவிடும்.

“போச்சு. மாத்து” என்பாள் செல்லக்கனி. “போச்சு. மாத்து.”

கூடப் படித்த அனுப்பிரியா சாத்தூர்ப் பெண். வந்த மூன்றாம் நாளே அழகாக மாட்டிவிட்டாள். “அக்கா, நான் வேணா பிடிச்சு விடவா?” என்று பாவமாகக் கேட்டாள். பாண்டிலட்சுமி வேண்டாமென்று தலையாட்டினாள். நாள் கடந்து ஒதுக்கிய கிளவுஸ்களை செல்லக்கனியிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். தம் வேட்டியைத்தான் மகள் கவுனாகச் சுற்றிக்கொண்டாள் என்பது கருப்பணனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. சுண்டுவிரலை முதலில் நுழைக்காமல், மற்ற நாலையும் உள்ளே விட்டு, கையைக் கவிழ்த்து உதறினால் அதுவே தன் இடத்துக்குப் போகிறது என்று பதினோராம் நாள் கண்டுபிடித்தாள். மறுநாள் செல்லக்கனி முன்னால் மாட்டிக் காட்டினாள். செல்லக்கனி விரல் விரலாகப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். ‘மாத்து’ என்று சொல்லாததே பாண்டிலட்சுமிக்குப் போதுமாக இருந்தது.

அதற்குள் இன்னொன்று வந்து சேர்ந்தது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மருந்துச் சோப்பு போட்டுத் தேய்த்ததில் ஒட்டுத் தோல் வறண்டு, மணிக்கட்டுப் பக்கம் மயிரிழைக்கு வெடித்தது. செல்லக்கனி அதைப் பார்த்த அன்றே டேபிள் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். கையில் வெடிப்பு இருந்தால் நோயாளிக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

“எத்தனை நாளுக்குக்கா?”

“மூடுற வரைக்கும். மறுபரிசோதனைக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்குல்ல?”

அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து திருத்தங்கல் தாண்டுகிறவரை அழுதாள். அதற்குமேல் அழ அவளுக்குத் தோன்றவில்லை. தோல் டாக்டரிடம் போய்க் களிம்பு வாங்கினாள். கை ஆறுகிறவரை சும்மா நிற்காமல், தேய்த்துக் கழுவத் தேவையில்லாத வேலை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கருவிகளை வேகவைத்துக் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ், மயக்க மருந்து மெஷினின் குழாய்கள், ஆக்சிஜன் சிலிண்டர், ரத்தத்தை உறிஞ்சுகிற சக்ஷன், காட்டரி. இந்தக் காட்டரி என்பது பேனா மாதிரி ஒரு கருவி. நுனியில் மின்சாரம் வரும், கசிகிற ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும். டேபிளைச் சுற்றி வெளிவட்டத்தில் நின்று இந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற ஆளும் டெக்னீசியன்தான். மூன்று வாரத்தில் அந்த அறையில் எந்த வயர் எங்கே போகிறது, எந்தக் குழாய் எப்படிச் சத்தம் போடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. அனுப்பிரியாவுக்குக்கூட அது தெரியாது. அனுப்பிரியா டேபிள் பக்கமே நின்றுகொண்டிருந்தாளே!

*

ஒரு திங்கட்கிழமை ஏழு கேஸ். நாலாவது கேஸுக்கு ஐம்பது வயசுக்காரர் ஒருவர், குடலிறக்கம். சர்ஜன் டாக்டர் மகேஷ்குமார். நல்ல கை, வேகமான கை. பேச்சும் வேகம்தான். இளம் டாக்டர் ஒருவர் நோயாளியின் வயிற்றிலும் இடுப்பிலும் ஸ்பிரிட் கலந்த மருந்தைப் பூசினார். அவசரத்தில் தாராளமாகவே பூசினார். பூசிய சூட்டோடு பச்சைத் துணிகளை விரித்து மூடினார்கள். செல்லக்கனி கருவி டிராலியில் நின்றாள். பாண்டிலட்சுமி காட்டரி மெஷின் பக்கத்தில்.

தோலில் முதல் கீறல் விழுந்தது.

“காட்டரி ஆன்” என்றார் டாக்டர் மகேஷ்குமார்.

பாண்டிலட்சுமி சுவிட்சில் கை வைத்தாள். போடவில்லை. மாஸ்க்கைத் தாண்டி அவளுக்கு ஒரு வாசனை வந்தது. தியேட்டரில் ஸ்பிரிட் வாசனை புதுசில்லை. ஆனால் இது பூசிய இடத்திலிருந்து வரவில்லை, கீழேயிருந்து வந்தது. குனிந்து பார்த்தாள். நோயாளியின் இடுப்புக்கு அடியில் விரித்திருந்த துணி ஒரு கை அகலத்துக்கு நிறம் மாறிக் கிடந்தது.

“காட்டரி!”

“சார், போடல. கீழ துணி ஈரமா இருக்கு. ஸ்பிரிட் வழிஞ்சு தேங்கியிருக்கு.”

அறையில் எல்லாரும் திரும்பினார்கள். மூன்று மாசம்கூட ஆகாத பயிற்சிப் பெண்.

“அது தானா ஆவியாகிடும்மா. போடுங்க.”

“அந்த ஆவிதான் சார் பயம். மேல துணி மூடியிருக்கு, வெளிய போக வழி இல்ல. உள்ளேயே நிக்கும்.” அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “நான் பட்டாசுல நாலு வருசம் இருந்தவ சார். நெருப்பு வர்றதுக்கு முன்னாடி இப்பிடித்தான் ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும்.”

டாக்டர் மகேஷ்குமார் அவளைப் பார்த்தார். செல்லக்கனியைப் பார்த்தார்.

“சார், அவ சொல்றதப் பார்த்துருவோம்” என்றாள் செல்லக்கனி.

கீறிய இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு துணியைத் தூக்கினார்கள். இளம் டாக்டர் நோயாளியின் இடுப்புக்கு அடியில் கையை விட்டார். கிளவுஸ் சொட்டச் சொட்ட வந்தது. மெத்தையின் பள்ளத்தில் மருந்து குளம் மாதிரி தேங்கியிருந்தது.

நனைந்த துணிகளை உருவி வெளியே அனுப்பினார்கள். பள்ளத்தைத் துடைத்தார்கள். புதுத் துணி வந்தது, புதுக் கவுன் வந்தது. தோல் நன்றாகக் காய்கிறவரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மயக்க டாக்டர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நிமிஷம் சொன்னார். பிறகு டாக்டர் மகேஷ்குமார் பாண்டிலட்சுமி பக்கம் திரும்பினார்.

“இப்பப் போடலாமா?”

அவள் குனிந்து ஒருமுறை பார்த்தாள். “போடலாம் சார்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த மனிதர் மூன்றாம் நாள் காலையில் காப்பி நன்றாயில்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். தன் இடுப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

கேஸ் முடிந்து கை கழுவுகிற இடத்தில் டாக்டர் மகேஷ்குமார் நின்றார். “பேர் என்ன சொன்னீங்க?”

“பாண்டிலட்சுமி சார்.”

“எரிச்சலாத்தான் இருந்துச்சு எனக்கு. நீங்க போட்டுருந்தா…” குழாயை மூடினார். “நாளையிலிருந்து என் கேஸ்ல துணி போடுறதுக்கு முன்னாடி நீங்க சரின்னு சொல்லணும். அப்புறம்தான் போடுவோம்.”

அப்படியே நடந்தது. மறுநாள் மருந்து பூசியதும் அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்று, “பாண்டிலட்சுமி, காஞ்சிருச்சா?” என்றார். மற்ற சர்ஜன்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் லீவு போட்ட நாளில்கூட, இருக்கிற ஆளைப் பார்த்து “பாண்டிலட்சுமி பார்த்தாச்சா?” என்று கேட்கிற அளவுக்கு அது ஒரு வழக்கச் சொல்லாகிவிட்டது.

அன்று சாயங்காலம் உடுப்பு மாற்றுகிற அறையில் செல்லக்கனி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் டிராலில நின்னேன். பதினோரு வருசமா நிக்கேன். எனக்கு அந்த வாசனை தெரியலட்டி.”

“உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்? நீங்க அச்சுப் பிரஸ்காரக வீட்டுப் பொண்ணு. மை வாசனைதான் தெரியும்.”

செல்லக்கனி சிரித்தாள். அவள் சிரித்து பாண்டிலட்சுமி பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்துவிட்டு, “கையக் காட்டு” என்றாள். வெடிப்பு மூடியிருந்தது. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். “நாளைக்கு ரெண்டாவது கேஸுக்கு நீ கை கழுவி டேபிளுக்கு வந்துரு.”

*

மூன்றாம் மாசக் கடைசியில் டாக்டர் அருள்பாண்டி மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார். பாண்டிலட்சுமி அவர் அறைக்குப் போய்க் கையை மேசைமேல் வைத்தாள். மூடிக் காட்டினாள். மோதிரவிரல் கொஞ்சம் கூடுதலாக வந்தது. சுண்டுவிரல் அப்படியேதான்.

டாக்டர் பேனாவை எடுத்தார். எடுத்துவிட்டு யோசித்தார்.

“அன்னைக்கு நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க.”

“ஆமா சார்.”

“இன்னைக்கு எத்தனை மணிக்கு உங்களுக்குக் கேஸ்?”

பதினோரு மணிக்குப் பித்தப்பை கேஸ். டாக்டர் அருள்பாண்டி தியேட்டர் உடுப்பு போட்டு, மாஸ்க் கட்டி, சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டேபிளில் நிற்கிற சர்ஜனுக்கு அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியாது. பாண்டிலட்சுமிக்குத் தெரியும். முதல் ஐந்து நிமிஷம் முதுகில் அவர் பார்வை பாரமாக உட்கார்ந்திருந்தது. பிறகு சர்ஜன் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் நீட்டினார், கொடுத்தாள். ரத்தம் ஒரு இடத்தில் குபுக்கென்று வந்தது. சர்ஜன் “கிளாம்ப்” என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் இடது கை அந்தப் பூட்டு இடுக்கியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டது, வலது கை அடுத்ததற்குத் தயாராக நின்றது. வலது, இடது என்று யோசிக்க நேரமே இருக்கவில்லை. நடுவில் ஒருமுறை இடது கைதான் கொடுக்கிறது என்று அவளே பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த கருவியை எடுத்தாள். கடைசியில் பஞ்சு எண்ணினாள். டேபிளுக்குப் போனது இருபது, திரும்பி வந்தது இருபது. உரக்கச் சொன்னாள். வயிறு தைத்து மூடினார்கள்.

திரும்பிப் பார்த்தபோது சுவரோரம் ஆள் இல்லை. கேஸ் பாதியிலேயே போய்விட்டாராம். படிவம் செல்லக்கனியின் மேசையில் கிடந்தது. ‘தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே, படிவத்தில் இடமே இல்லாத ஓரத்தில், ‘இரண்டு கைகளும்’ என்று எழுதியிருந்தார்.

பாண்டிலட்சுமி அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

*

அடுத்த வருஷம் பரீட்சை எழுதினாள். செய்முறைத் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு டிராலி நிறையக் கருவிகளைக் குவித்து வைத்து, சிசேரியனுக்கு எடுத்து அடுக்கச் சொன்னார். ஆறு நிமிஷத்தில் அடுக்கினாள். பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்த்து வைத்திருந்தாள். “இது எதுக்கு?” என்றார். “ரத்தம் அதிகமாப் போனா அப்பத் தேடக் கூடாதுல்ல சார்?” என்றாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார். இருபது பேரில் இரண்டாவதாக வந்தாள். முதலாவது அனுப்பிரியா. அதில் பாண்டிலட்சுமிக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் முழுக்க இருந்தது. மறுநாள் இரண்டு பேரும் சாத்தூர் போய்ச் சேவு வாங்கித் தின்றார்கள், சரியாகப் போய்விட்டது.

சான்றிதழ் கொடுத்த அன்று கருப்பணனும் சண்முகத்தாயும் வந்திருந்தார்கள். விருதுநகர் பஸ்ஸில் கருப்பணன் பக்கத்து சீட்டு ஆளிடம் பேச்சுக் கொடுத்தார். பின்சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த பாண்டிலட்சுமிக்கு எல்லாம் கேட்டது.

“எங்கன போறீக?” என்றார் அந்த ஆள்.

“விருதுநகருக்குத்தான். எம்பொண்ணு ஆபரேசன் பண்ணுது. அதுக்கு இன்னைக்கு சர்டிபிகேட் குடுக்காக.”

“அப்பா!” பாண்டிலட்சுமி முன்னால் எட்டிக் கூப்பிட்டாள். “நான் பண்ணலப்பா. டாக்டர்தான் பண்ணுவாக. நான் பக்கத்துல நிப்பேன்.”

கருப்பணன் திரும்பிப் பார்த்தார். “நீ நிக்காட்டி அவுக எப்பிடிப் பண்ணுவாக?”

பக்கத்து சீட்டு ஆள் எழுந்து நின்று பின்னால் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். கை கூப்பலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

இப்போது பாண்டிலட்சுமி சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இரண்டு தியேட்டர், இரண்டுக்கும் அவள்தான் டெக்னீசியன். அவளுக்குக் கீழே இரண்டு பேர். பட்டாசு சீசன் சூடுபிடித்துத் தீபாவளி நெருங்குகிற நாட்களில் லீவு கேட்க மாட்டாள். அந்த நாட்களில் தியேட்டருக்கு என்ன வரக்கூடும் என்று அவளுக்குத் தெரியும். மற்ற நாட்களில் பெரும்பாலும் சிசேரியன், அப்பெண்டிக்ஸ், எலும்பு முறிவு.

போன வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். சண்முகத்தாய் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு என்னட்டி?”

“மூணு சிசேரியன்மா. ஒண்ணுல ரெட்டைப் பிள்ளை.”

“ரெட்டையா! என்ன பிள்ளைக?”

“ரெண்டும் பொண்ணு. ரெண்டாவது அழவே இல்ல. நாங்க எல்லாம் மூச்சப் பிடிச்சு நிக்கோம். சக்ஷன் வச்சு உறிஞ்சி, முதுகத் தேச்சு விட்டு… பெறவு அழுதுச்சு பாரு, தியேட்டரே அதிர்ந்துச்சு.”

சண்முகத்தாய் வாளியைக் கீழே வைத்தாள். “தேச்சுவிட்டது யாரு?”

“நான்தான்.”

சண்முகத்தாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வேலியோரம் போய், பக்கத்து வீட்டு மாரித்தாயைச் சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தாள்.